எலக்ட்ரான் கைமாறும் வேகம்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி., வேதியியல்)

பெர்மாங்கனேட் தரம்பார்த்தலைச் செய்யாத வேதியியல் மாணவர் இரார். மோர் உப்புக் கரைசலைக் கூம்புக் குடுவையில் எடுத்து, நீர்த்த கந்தக அமிலம் சேர்த்துப் பியூரெட்டைத் திறந்தால், ஊதா நிறத் துளி விழுந்த கணமே நிறமிழந்து போகிறது. சூடாக்க வேண்டிய தேவையே இல்லை. அதே பியூரெட்டின் கீழே ஆக்சாலிக் அமிலத்தை வைத்தாலோ, 60 முதல் 70 டிகிரி வரை சூடாக்கிய பின்பும் முதல் துளி சிறிது நேரம் நிறம் மாறாமல் நின்று நம் பொறுமையைச் சோதிக்கிறது. இரண்டிலும் நடப்பது ஒன்றே. பெர்மாங்கனேட் எலக்ட்ரான்களைப் பெறுகிறது, எதிரே இருக்கும் பொருள் எலக்ட்ரான்களை இழக்கிறது. ஒன்று விரைகிறது, மற்றொன்று தயங்குகிறது. ஏன்?

திட்ட மின்னழுத்த அட்டவணையைப் புரட்டினால் வியப்பு மிகுகிறது. அமில ஊடகத்தில் பெர்மாங்கனேட்டுக்கு 1.51 வோல்ட், ஃபெரிக்–ஃபெரஸ் இணைக்கு 0.77 வோல்ட். வேறுபாடு 0.74 வோல்ட். கார்பன் டைஆக்சைடு–ஆக்சாலிக் அமில இணைக்கு மைனஸ் 0.49 வோல்ட், ஆகவே அங்கே வேறுபாடு 2.00 வோல்ட். உந்து விசையைக் கொண்டு வேகத்தை முடிவு செய்வதானால் ஆக்சாலிக் அமிலமே முந்தியிருக்க வேண்டும். ‘மின்னழுத்த வேறுபாடு மிகுதி, ஆகவே வினை விரைவாக நிகழும்’ என்ற வாக்கியம் விடைத்தாள்களில் அடிக்கடி இடம்பெறுவது. அது சரியன்று. வினை எந்தத் திசையில் செல்லும், எவ்வளவு தூரம் செல்லும் என்பதை மின்னழுத்தம் சொல்லும். எப்போது போய்ச் சேரும் என்பதைச் சொல்லாது. வேகத்தை ஆள்வது எது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

ஆக்சாலிக் அமிலத்தைக் கொண்டு இதை ஆராயப் புகுந்தால் வழி தவறிப் போவோம் என்பதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அங்கே இரு கார்பன் அணுக்களிடையே உள்ள பிணைப்பு முறிகிறது. மாங்கனீசு பல படிகளில் இறங்குகிறது. உண்டாகும் மாங்கனஸ் அயனியே வினையூக்கியாகவும் அமைகிறது. எலக்ட்ரான் மாற்றத்தை மட்டும் தனியே பிரித்துப் பார்க்க வேண்டுமானால் இன்னும் எளிய வினை வேண்டும்.

எளியவற்றுள் எளிய வினை

ஃபெரஸ் அயனியும் ஃபெரிக் அயனியும் ஒரே கரைசலில் இருக்கின்றன. ஃபெரஸ் தன் எலக்ட்ரான் ஒன்றை ஃபெரிக்குக்குக் கொடுக்கிறது. கொடுத்தது ஃபெரிக் ஆயிற்று. பெற்றது ஃபெரஸ் ஆயிற்று. வினைக்கு முன்னும் பின்னும் கரைசலில் இருப்பவை அவையே. பிணைப்பு எதுவும் முறியவில்லை, புதிதாய் எதுவும் உருவாகவில்லை, ஆற்றல் மாற்றம் பூச்சியம். இதனைத் தன்பரிமாற்ற வினை என்பர். இதைவிட எளிய வேதிவினையைக் கற்பனை செய்வதும் அரிது.

ஆனால் இதை அளப்பது எங்ஙனம்? நிறம் மாறாது, எடை மாறாது, வாயு வெளிவராது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அணு உலைகளிலிருந்து கதிரியக்க ஐசோடோப்புகள் தாராளமாகக் கிடைக்கத் தொடங்கியபோதுதான் வழி பிறந்தது. ஃபெரிக் பகுதியில் மட்டும் கதிரியக்க இரும்பைச் சிறிது கலந்து, ஃபெரஸ் கரைசலோடு சேர்த்து, குறித்த நேரத்தில் ஒன்றை ஓர் அணைவாக்கியால் பிணைத்து, மற்றதை வீழ்படிவாக்கிப் பிரித்தெடுத்து, அடையாளமிட்ட இரும்பு எவ்வளவு இடம் மாறியிருக்கிறது என்று எண்ணிவிடலாம். சில்வர்மன், டாட்சன் என்னும் இருவர் 1952-இல் இவ்வளவீட்டை வெளியிட்டனர். அமிலக் கரைசலில் 25 டிகிரியில் இவ்வினையின் வேக மாறிலி, மோலார், வினாடி அலகுகளில், சுமார் 4.

இதே போன்ற பிற வினைகளையும் அளந்தபோது கிடைத்த எண்கள் எவரையும் திகைக்க வைப்பவை. ஆறு அம்மோனியா சூழ்ந்த ருத்தேனியம் 2+, 3+ அயனிகளுக்கு வேக மாறிலி சில ஆயிரம். ஆறு அம்மோனியா சூழ்ந்த கோபால்ட் 2+, 3+ அயனிகளுக்கு 40 டிகிரியில்கூட ஒரு லட்சத்தில் ஒரு பங்கிற்கும் குறைவு. இரண்டிற்குமிடையே ஏறத்தாழ நூறு கோடி மடங்கு வேறுபாடு! இந்த எண்களைக் காலமாக மாற்றிப் பார்த்தால் பொருள் விளங்கும். இரு வடிவங்களையும் 0.01 மோலார் செறிவில் எடுத்துக்கொண்டால், பரிமாற்றம் பாதி முடிய ருத்தேனியத்துக்கு நூறில் ஒரு பங்கு வினாடி போதும். நீர் சூழ்ந்த இரும்புக்கு ஒன்பது வினாடி. கோபால்ட்டுக்கு ஏறத்தாழ ஐம்பது நாள். கைமாறுவது மூன்றிலும் ஒரே எலக்ட்ரான். அதன் நிறையோ புரோட்டானின் நிறையில் 1836-இல் ஒரு பங்கு. இவ்வளவு இலேசான பொருள் ஓர் அயனியிலிருந்து பக்கத்து அயனிக்குப் போக ஐம்பது நாள் ஏன்?

எலக்ட்ரான் காத்திருக்கிறது

விடைக்கான முதல் குறிப்பை ஃபிராங்க்–காண்டன் தத்துவம் தருகிறது. 1920-களில் நிறமாலைகளை விளக்க எழுந்த தத்துவம் இது. எலக்ட்ரான் இலேசானது, அதன் தாவல் நிகழும் நேரத்தில் கனத்த அணுக்கருக்கள் அசையக்கூட நேரம் இருப்பதில்லை. பிணைப்பு ஒன்று ஒரு முறை அதிர்ந்து முடிக்கும் காலத்தில் எலக்ட்ரான் பலமுறை தாவிவிடும். கரைப்பான் நீர் மூலக்கூறு தன் திசையைத் திருப்பிக்கொள்ளவோ இன்னும் அதிக நேரம் பிடிக்கும்.

இதை 1952-இல் எலக்ட்ரான் பரிமாற்ற வினைகளுக்குப் பொருத்திக் காட்டியவர் வில்லர்ட் லிபி. கார்பன் காலக்கணிப்புக்காகப் பின்னர் 1960-இல் நோபல் பரிசு பெற்ற அதே லிபிதான். அவர் சொன்னது இது. ஃபெரிக் அயனியின் மின்னூட்டம் மிகுதி. ஆகவே அதைச் சூழ்ந்த நீர் மூலக்கூறுகள் நெருங்கி நிற்கும். ஃபெரஸ் அயனியைச் சூழ்ந்தவை சற்று விலகி நிற்கும். இரும்புக்கும் ஆக்சிஜனுக்கும் இடையே உள்ள தொலைவு ஃபெரஸில் சுமார் 2.13 ஆங்ஸ்ட்ராம், ஃபெரிக்கில் சுமார் 1.99 ஆங்ஸ்ட்ராம். எலக்ட்ரான் திடீரெனத் தாவிவிட்டால், புதிய ஃபெரிக் அயனி ஃபெரஸுக்குரிய தளர்ந்த கூட்டிலும், புதிய ஃபெரஸ் அயனி ஃபெரிக்குக்குரிய இறுகிய கூட்டிலும் அகப்பட்டுக்கொள்ளும். இரண்டுமே ஆற்றல் மிகுந்த நிலைகள். அந்த ஆற்றலே தடை.

கருத்து அருமையானது, ஆயினும் ஒரு குறை இருந்தது. அதைக் கண்டவர் ருடால்ஃப் மார்க்கஸ். கனடாவின் மாண்ட்ரியல் நகரில் 1923-இல் பிறந்து, அப்போது நியூயார்க்கின் புரூக்ளின் பாலிடெக்னிக்கில் ஆசிரியராக இருந்தவர். அவர் வகுப்பில் ஒரு மாணவர் மின்னேற்றமுள்ள பெருமூலக்கூறுகள் பற்றி ஒரு வினா எழுப்ப, அதற்கு விடை தேடப் போய் நிலைமின்னியலில் ஆழ்ந்ததாக மார்க்கஸ் பின்னாளில் தம் நோபல் உரையில் குறிப்பிட்டார். (வகுப்பில் வினா எழுப்பத் தயங்கும் நம் போன்றோர் இதைக் கவனிக்க.) அந்தப் பயிற்சியோடு 1955-இல் லிபியின் கட்டுரையைப் படித்தபோது அவருக்கு ஓர் ஐயம் தோன்றியது. ஆற்றல் குறைந்த நிலையிலிருந்து ஆற்றல் மிகுந்த நிலைக்கு எலக்ட்ரான் தாவுகிறது என்றால் அந்த ஆற்றலை யார் கொடுத்தது? ஒளி விழுந்தால் சரி. ஆனால் இவ்வினை இருட்டிலும் நடக்கிறதே! ஆற்றல் அழிவின்மை விதி என்ன ஆவது?

மார்க்கஸ் தந்த விடை: கூடு முதலில் மாற வேண்டும், எலக்ட்ரான் பிறகு தாவ வேண்டும். வெப்ப அசைவால் நீர் மூலக்கூறுகளும் பிணைப்புகளும் ஓயாமல் தள்ளாடிக்கொண்டே இருக்கின்றன. ஏதோ ஒரு கணத்தில், ஃபெரஸின் கூடு சற்று இறுகியும் ஃபெரிக்கின் கூடு சற்றுத் தளர்ந்தும், எலக்ட்ரான் இங்கே இருந்தாலும் அங்கே இருந்தாலும் மொத்த ஆற்றல் ஒன்றே என்னும்படியான இடைநிலை வாய்க்கிறது. அந்தக் கணத்தில்தான் எலக்ட்ரான் தாவ இயலும். காத்திருப்பதே அதன் வேலை; தாவல் ஒரு நொடிக் காரியம்.

கட்டட வேலை நடக்கும் இடத்தில் சாந்துச் சட்டி கைமாறுவதைப் பார்த்திருப்போம். கீழே நிற்கும் சித்தாள் சட்டியை உயரத் தூக்குகிறார். சாரத்தின் மேல் நிற்பவர் குனிந்து கையை நீட்டுகிறார். இருவர் கையும் ஒரே மட்டத்துக்கு வரும்போது சட்டி மாறுகிறது. மாறுவதற்கு ஆகும் நேரம் இமைப்பொழுது. உடல் வளைந்து நிமிர்வதிலேதான் உழைப்பு முழுவதும் இருக்கிறது. அயனிகளிலும் அப்படியே.

ஒளியின் உதவியால் லிபி சொன்னபடியே தாவ முடியும் என்பதற்கும் நம் ஆய்வுக்கூடத்திலேயே சான்று உண்டு. உப்புப் பகுப்பாய்வில் ஃபெரிக் அயனியைக் காண பொட்டாசியம் ஃபெரோசயனைடு சேர்க்கிறோம். ஆழ்ந்த நீல வீழ்படிவு தோன்றுகிறது. அந்தப் பிரஷ்ய நீலத்தில் கார்பன் பக்கம் ஃபெரஸ் இரும்பும் நைட்ரஜன் பக்கம் ஃபெரிக் இரும்பும் அருகருகே உள்ளன. சிவப்பு ஒளியை உட்கவர்ந்து எலக்ட்ரான் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவுகிறது. எஞ்சிய நீலம் நம் கண்ணில் படுகிறது. கூடு மாறக் காத்திராமல் தாவும் எலக்ட்ரானின் நிறம் அது என்று சொன்னால் மிகையன்று.

இரண்டு பரவளையங்கள்

மார்க்கஸின் கோட்பாட்டை நாம் பி.யு.சி. அளவு கணிதம் கொண்டே வருவித்துவிடலாம் என்பது அதன் தனி அழகு. (பி.யு.சி. என்ற பெயர் மறைந்து நெடுநாளாயிற்று. பழக்கத்தால் பெரியோர் வாயில் இன்னும் வருகிறது.) ஒரு தாளில் படுக்கைக் கோடு ஒன்று வரைக. அக்கோட்டில் கூட்டின் நிலையைக் குறிப்போம். அதற்கு ‘ம’ என்று பெயரிடுவோம். ம பூச்சியமானால் எலக்ட்ரான் மாறுவதற்கு முந்திய வசதியான கூடு. ம ஒன்றானால் மாறிய பிந்திய வசதியான கூடு. வசதியான நிலையிலிருந்து விலக விலக ஆற்றல் விலகலின் வர்க்கத்திற்கேற்ப உயரும், சுருள்வில்லைப் போல. ஆகவே எலக்ட்ரான் இங்கே இருக்கும் நிலைக்கு ஒரு பரவளையம், அங்கே இருக்கும் நிலைக்கு மற்றொரு பரவளையம்.

எலக்ட்ரானை மாற்றாமல் கூட்டை மட்டும் பூச்சியத்திலிருந்து ஒன்றுக்கு இழுக்க ஆகும் ஆற்றலைச் சீரமைப்பு ஆற்றல் என்பர். அதனைச் ‘சீ’ என்போம். வினையின் கட்டிலா ஆற்றல் மாற்றம் ‘ஆ’. முதல் பரவளையத்தின் உயரம் சீ × ம². இரண்டாவதன் உயரம் சீ × (ம − 1)² + ஆ. இரண்டும் வெட்டும் இடமே எலக்ட்ரான் தாவும் இடம். சமப்படுத்தினால் ம² உறுப்புகள் இருபுறமும் நீங்கிவிடுகின்றன; ம = (சீ + ஆ) ÷ 2சீ என்று கிடைக்கிறது. இதை முதல் சமன்பாட்டில் இட்டால், தடையின் உயரம்

தடை = (சீ + ஆ)² ÷ 4சீ

இவ்வளவே. 1956-இல் தொடங்கி மார்க்கஸ் எழுதிய கட்டுரைகளின் மையம் இந்த ஒரு வரி. (கரைப்பானில் உள்ள கோடானுகோடி மூலக்கூறுகளின் அசைவை ஒரே ஒரு ‘ம’-வில் அடக்கலாம் என்று நிறுவியதே அவருடைய உண்மையான உழைப்பு, அதை இங்கே தாண்டிச் செல்கிறோம்.)

தன்பரிமாற்ற வினையில் ஆ பூச்சியம். ஆகவே தடை சீ-யில் கால் பங்கு. வேகம் முழுவதும் சீ-யின் கையில். இப்போது கோபால்ட்டின் புதிர் அவிழ்கிறது. கோபால்ட் 2+ அயனியின் ஏழு டி எலக்ட்ரான்களுள் இரண்டு, அம்மோனியாக்களை நேராக நோக்கி நீளும் ஆர்பிட்டால்களில் இருந்து அவற்றைத் தள்ளி நிற்கச் செய்கின்றன. 3+ அயனியிலோ ஆறு எலக்ட்ரான்களும் அம்மோனியாக்களுக்கு இடைப்பட்ட ஆர்பிட்டால்களில் அடங்கிவிடுகின்றன. விளைவு, கோபால்ட்–நைட்ரஜன் தொலைவு சுமார் 0.2 ஆங்ஸ்ட்ராம் மாறியாக வேண்டும். அதுவும் பன்னிரண்டு பிணைப்புகளில். ருத்தேனியத்தில் எலக்ட்ரான் இடைப்பட்ட ஆர்பிட்டாலிலிருந்தே போய் இடைப்பட்ட ஆர்பிட்டாலுக்கே சேர்கிறது. தொலைவு மாற்றம் 0.04 ஆங்ஸ்ட்ராம் மட்டுமே. ஆற்றல் விலகலின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஐந்து மடங்கு விலகலுக்கு இருபத்தைந்து மடங்கு ஆற்றல். வேகமோ அவ்வாற்றலை அடுக்குக்குறியில் ஏற்றிக் கணக்கிடப்படுவது. நூறு கோடி மடங்கு வேறுபாடு வந்ததில் வியப்பில்லை.

கரைப்பானின் பங்கையும் மார்க்கஸ் எண்ணாகவே தந்தார். எலக்ட்ரான் நகர்ந்தவுடன் கரைப்பானின் எலக்ட்ரான் மேகம் உடனே வளைந்து கொடுக்கிறது; அதன் அளவு ஒளிவிலகல் எண்ணின் வர்க்கம். மூலக்கூறுகள் திரும்பி நிற்பதோ மெதுவாக நடப்பது. இரண்டையும் சேர்த்த அளவு மின்கடத்தாப் பொருள் மாறிலி. தடையில் சேர்வது மெதுவான பகுதி மட்டுமே. ஆகவே இரண்டின் தலைகீழிகளுக்கிடையே உள்ள வேறுபாட்டை எடுக்க வேண்டும். நீருக்கு 1/1.78 − 1/78, ஏறத்தாழ 0.55. பென்சீனுக்கு 1/2.25 − 1/2.28, ஏறத்தாழ பூச்சியம். 3.5 ஆங்ஸ்ட்ராம் ஆரமுள்ள இரு அயனிகள் நீரில் தொட்டு நிற்பதாகக் கொண்டு கணக்கிட்டால், கரைப்பான் வழிச் சீரமைப்பு ஆற்றல் சுமார் 1.1 எலக்ட்ரான் வோல்ட் வருகிறது. ஆரத்தை இருமடங்காக்கினால் அது பாதியாகிறது. பெரிய பைபிரிடில் வளையங்களைப் போர்த்திக்கொண்ட ருத்தேனியம் அணைவின் தன்பரிமாற்ற வேக மாறிலி கோடிக்கணக்கில் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எவரும் எதிர்பாராத பகுதி

மேலே உள்ள வாய்பாட்டில் ஆ-வை மெல்ல மெல்லக் குறைத்துக்கொண்டு போவோம். அதாவது வினை மேன்மேலும் ஆற்றலை வெளியிடுவதாக ஆக்குவோம். சீ ஒரு எலக்ட்ரான் வோல்ட் என்க. ஆ பூச்சியமானால் தடை 0.25. ஆ மைனஸ் 0.5 ஆனால் தடை 0.0625. மைனஸ் 1 ஆனால் தடையே இல்லை. இதுவரை எல்லாம் நாம் எதிர்பார்ப்பதே. சரிவு கூடக் கூட வேகம் கூடுகிறது. இனி மைனஸ் 1.5 என்று இடுக. தடை மீண்டும் 0.0625! மைனஸ் 2 என்று இட்டால் 0.25, தொடங்கிய இடத்துக்கே வந்துவிட்டோம். 25 டிகிரியில் 0.0625 தடை வேகத்தைப் பதினொன்றில் ஒரு பங்காக்கும், 0.25 தடை ஏறத்தாழ பதினேழாயிரத்தில் ஒரு பங்காக்கும்.

உந்து விசை மிகுதியானால் வினை மெதுவாகும் என்பது இதன் பொருள். பரவளையப் படத்தில் இதை நேரே காணலாம். இரண்டாவது பரவளையத்தைக் கீழே இறக்க இறக்க, வெட்டுமிடம் முதல் பரவளையத்தின் வலக்கையில் இறங்கி அடிமட்டத்தைத் தொடுகிறது. இன்னும் இறக்கினால் இடக்கையில் ஏறத் தொடங்குகிறது. சட்டியை வாங்குபவர் ஒத்த மட்டத்தில் நின்றால் எளிது. பள்ளத்துக்குள் இறங்கிவிட்டால் கொடுப்பவர் இப்போது குனிய வேண்டியிருக்கிறது. (உவமையை இதற்கு மேல் இழுத்தால் அறுந்துவிடும்.) இப்பகுதியைத் தலைகீழ்ப் பகுதி என்பர். 1960-இல் மார்க்கஸ் இதைச் சொன்னபோது நம்பியவர் குறைவு.

சோதனையும் முதலில் அவருக்கு எதிராகவே இருந்தது. 1970-இல் ரேம், வெல்லர் என்னும் இருவர் பலவகைப் பொருள்களை எடுத்து, உந்து விசையை மிகப் பெரிதாக்கிக்கொண்டே போய் அளந்தனர். வேகம் உயர்ந்தது, ஓர் உச்சத்தை அடைந்தது, அங்கேயே நின்றுவிட்டது. இறங்கவில்லை. காரணம் பின்னர் தெளிவாயிற்று. கரைசலில் இரு மூலக்கூறுகள் முதலில் ஒன்றையொன்று சந்தித்தாக வேண்டும். சந்திக்க ஆகும் நேரமே அதிகமானால், சந்தித்த பின் நடப்பது எவ்வளவு வேகம் என்பது அளவீட்டில் தெரியாது. வீட்டிலிருந்து பேருந்து நிலையத்துக்கு நடக்க ஒரு மணி நேரம் ஆகும் ஊரில், பேருந்து ஐந்து நிமிடத்தில் போனாலும் பத்து நிமிடத்தில் போனாலும் பெரிய வேறுபாடு தோன்றாதல்லவா?

சந்திப்பையே ஒழித்துவிட்டால்? 1984-இல் அமெரிக்காவில் ஆர்கான் தேசிய ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஜான் மில்லரும் சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஜெர்ஹார்டு கிளாசும் தம் குழுவினரும் அவ்வாறே செய்தனர். வளையாத ஸ்டீராய்டுச் சட்டம் ஒன்றின் ஒரு முனையில் பைஃபினைல் தொகுதியையும் மறுமுனையில் எலக்ட்ரானை ஏற்கும் தொகுதி ஒன்றையும் பிணைத்தனர். இடைவெளி எப்போதும் ஒன்றே. ஏற்கும் தொகுதியை மட்டும் மாற்றி மாற்றி எட்டு மூலக்கூறுகள். எலக்ட்ரான் துடிப்பு ஒன்றால் பைஃபினைலுக்கு எலக்ட்ரானை ஊட்டி, அது மறுமுனைக்குப் போகும் நேரத்தை அளந்தனர். உந்து விசை சுமார் 1.2 எலக்ட்ரான் வோல்ட் வரை வேகம் ஏறியது. அதன் பின் இறங்கியது; தெளிவாக, ஐயத்துக்கிடமின்றி இறங்கியது. காகிதத்தில் எழுதியது ஆய்வுக்கூடத்தில் உறுதிப்பட இருபத்து நான்கு ஆண்டுகள் ஆயின. 1992-ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசு மார்க்கஸுக்கே முழுமையாக வழங்கப்பட்டது.

இது ஏதோ கோட்பாட்டு வினோதம் என்று எண்ண வேண்டா. ஒளிச்சேர்க்கையை எடுத்துக்கொள்வோம். ஊதா நிறப் பாக்டீரியாக்களின் வினை மையத்தின் அமைப்பை எக்ஸ் கதிரால் கண்டறிந்ததற்காக டைசன்ஹோஃபர், ஹூபர், மிக்கேல் ஆகிய மூவர் 1988-இல் நோபல் பரிசு பெற்றனர். அங்கே ஒளி விழுந்த சுமார் 3 பிக்கோ வினாடியில், அதாவது ஒரு வினாடியின் இலட்சம் கோடியில் மூன்று பங்கில், பச்சைய இணை ஒன்று எலக்ட்ரானை இழந்துவிடுகிறது. எலக்ட்ரான் இப்போது பக்கத்திலுள்ள ஃபியோஃபைட்டினில். அதற்கு இரண்டு வழிகள் உண்டு. முன்னே குயினோனுக்குப் போகலாம். அல்லது புறப்பட்ட இடத்துக்கே திரும்பி, பெற்ற ஒளியாற்றலை வெப்பமாக வீணாக்கலாம். திரும்புவதில்தான் ஆற்றல் சரிவு மிகுதி. பழைய எண்ணப்படி திரும்புவதே விரைவாக நடந்திருக்க வேண்டும். அப்படி நடந்தால் உலகில் ஒரு புல்லும் முளைத்திராது. உண்மையில் குயினோனுக்குப் போக சுமார் 200 பிக்கோ வினாடி ஆகிறது. குயினோனை நீக்கிவிட்டு அளந்தால் திரும்ப சுமார் 10,000 பிக்கோ வினாடியோ அதற்கு மேலோ ஆகிறது. ஐம்பது முறை முன்னே போனால் ஒரு முறை திரும்பும் கணக்கு. சுற்றியுள்ள புரதம் நீரைப்போல் எளிதில் திரும்பும் பொருளன்று. அதனால் சீ சிறிது. திரும்பும் வினை தலைகீழ்ப் பகுதியில் போய் விழுகிறது. அது மெதுவாக நடப்பதற்கான முக்கிய காரணங்களுள் இது ஒன்று.

இன்னொரு சான்று இரத்தப் பரிசோதனைக் கூடங்களில் இருக்கிறது. தைராய்டு ஹார்மோன் போன்றவற்றை அளக்கும் சில கருவிகளில் ருத்தேனியம் பைபிரிடில் அணைவு மின்முனையில் வினைப்பட்டு ஒளிர்கிறது. மிகுந்த ஆற்றலுடன் எலக்ட்ரான் வந்து சேரும்போது, நேரே அடிநிலைக்கு இறங்கும் வழி தலைகீழ்ப் பகுதியில் அகப்பட்டு மெதுவாகிவிடுகிறது. கிளர்வு நிலைக்குப் போகும் வழி சரிவு குறைந்ததாயினும் விரைவாகிறது. கிளர்வு நிலை ஒளியை உமிழ்ந்து இறங்குகிறது. இவ்வகை வேதிஒளிர்தலுக்கு இதுவே காரணமாகலாம் என்று மார்க்கஸ் 1965-இலேயே எழுதிவிட்டார்.

தொலைவும் பாலமும்

இதுவரை கூட்டைப் பற்றியே பேசினோம். கூடு சரியாக அமைந்த கணத்தில் எலக்ட்ரான் தாவியே தீரும் என்றும் கொண்டோம். இரு மூலக்கூறுகளும் தொட்டு நின்றால் அது ஓரளவு சரி. விலகி நின்றால் சரியன்று. இடைவெளியை எலக்ட்ரான் ஊடுருவிக் கடக்க வேண்டும்; அதற்குரிய வாய்ப்பு தொலைவோடு அடுக்குக்குறி முறையில் குறைகிறது. புரதங்களில் எடுத்த அளவீடுகளைத் தொகுத்த மோசர், டட்டன் குழுவினர் 1992-இல் தந்த கணக்குப்படி, ஒவ்வொரு 1.7 ஆங்ஸ்ட்ராமுக்கும் வேகம் பத்தில் ஒன்றாகிறது. வெற்றிடமானால் இன்னும் கடுமையாகக் குறையும். உயிரணுக்களின் எலக்ட்ரான் சங்கிலிகளில் அடுத்தடுத்த நிலையங்கள் பெரும்பாலும் 14 ஆங்ஸ்ட்ராமுக்கு உள்ளேயே அமைந்திருப்பதன் காரணம் இதுவே. புரதத்தின் மேற்பரப்பில் ருத்தேனியத்தைத் தைத்து, உள்ளேயுள்ள உலோகத்துக்கு எலக்ட்ரான் போகும் நேரத்தை ஹாரி கிரே 1980-களில் தொடங்கி அளந்து காட்டியது தனிக் கட்டுரைக்குரிய செய்தி.

இடையே பாலம் இருந்தால் நிலைமை வேறு. இதை 1953-இல் காட்டியவர் ஹென்றி டாபே. மார்க்கஸைப் போலவே கனடாவில் பிறந்தவர், 1983-இல் நோபல் பரிசு பெற்றவர். ஐந்து அம்மோனியாவும் ஒரு குளோரைடும் சூழ்ந்த கோபால்ட் 3+ அணைவோடு குரோமியம் 2+ அயனியைக் கலந்தார். வினை முடிந்தபோது குளோரைடு குரோமியத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. குரோமியம் 3+ தன்னைச் சூழ்ந்தவற்றை எளிதில் மாற்றிக்கொள்ளாத இயல்பினது. ஆகவே வினைக்குப் பின் கரைசலிலிருந்து குளோரைடைப் பிடித்திருக்க முடியாது. எலக்ட்ரான் மாறும் கணத்தில் குளோரைடு இரண்டு உலோகங்களையும் இணைத்து நின்றிருக்க வேண்டும். குளோரைடுக்குப் பதில் ஆறாவது அம்மோனியாவை வைத்தால் பாலம் இல்லை. வேகம் கோடிக்கணக்கான மடங்கு குறைந்துவிடுகிறது. எதிர்பார்ப்பின்றிப் பேசும் சோதனை என்று இதைச் சொல்லலாம்; குழாயில் கிடைத்த விளைபொருளே வினைவழியைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

கடைசியாக, கூட்டின் அசைவையே உறைய வைத்தால் என்ன ஆகும்? 1966-67-இல் டிவால்ட், சான்ஸ் குழுவினர் குரோமேட்டியம் என்னும் பாக்டீரியத்தைக் குளிரவைத்து, லேசர் துடிப்பு பட்டதும் சைட்டோகுரோம் எலக்ட்ரானை இழக்கும் நேரத்தை அளந்தனர். அறை வெப்பநிலையில் சுமார் 2 மைக்ரோ வினாடி. குளிரக் குளிர நேரம் நீண்டு, 100 கெல்வின் அளவில் சுமார் 2 மில்லி வினாடி ஆயிற்று. மார்க்கஸ் வாய்பாட்டின்படி இன்னும் குளிர்ந்தால் வினை நின்றே போக வேண்டும். நிற்கவில்லை. திரவ ஹீலியத்தின் வெப்பநிலை வரை அதே 2 மில்லி வினாடி! அந்தக் குளிரில் தடையின் மேல் ஏறிக் கடக்க வெப்ப அசைவு இல்லை. எலக்ட்ரான் மட்டுமன்றி அணுக்கருக்களும் தடையை ஊடுருவிக் கடக்கின்றன என்றே கொள்ள வேண்டும். இதற்கு 1974-இல் குவாண்டம் முறையில் வாய்பாடு ஒன்றைத் தந்தவர் ஜான் ஹாப்ஃபீல்டு. முற்றிலும் வேறொரு துறையில் செய்த பணிக்காக 2024-இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்றவர். அவருடைய வாய்பாட்டில் வெப்பநிலையை உயர்த்திக்கொண்டே போனால், சீ-யும் ஆ-வும் கொண்ட அந்தப் பழைய வரியே மீண்டும் கிடைக்கிறது.